இறால், சுக்கினி நூடுல்ஸ்: தட்டில் தண்ணீர் நிற்காமல் செய்யும் ராத்திரிச் சாப்பாடு

வெள்ளரி மாதிரி இருக்கும் சுக்கினிக் காயை நூடுல்ஸ் மாதிரி சீவி இறாலோடு பிரட்டிப் பார்த்தவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரே புகார்தான் வரும். அடுப்பில் இருக்கும்போது நன்றாக இருந்தது, தட்டில் போட்ட ஐந்தாவது நிமிடம் அடியில் குளம் கட்டிவிட்டது என்பார்கள். உப்பும் காரமும் அந்தத் தண்ணீரில் கரைந்து போயிருக்கும், மேலே இருக்கிற காய் சப்பென்று கிடக்கும். குறை சமைத்தவரின் கைப்பக்குவத்தில் இல்லை. கோதுமைப் பாஸ்தாவுக்கு எழுதிய முறையை அப்படியே காய்க்குப் போட்டதில் இருக்கிறது.

காய்ந்த நூடுல்ஸ் தண்ணீரை உறிஞ்சும். வெந்த பிறகும் மசாலாவைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், அதன் மாவுச்சத்து கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். சுக்கினியில் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 95 கிராம் தண்ணீர். இரண்டு பேருக்கு 400 கிராம் சீவினால் கடாய்க்குள் போவது 380 கிராம் தண்ணீரும் மீதி நாரும்தான். சூடும் உப்பும் பட்டதும் செல்சுவர் தளர்ந்து அது வெளியே வரும். கெட்டியாக்க மாவுச்சத்தும் கிடையாது. ஆகவே இந்தச் சமையலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்தத் தண்ணீரை எங்கே, எப்போது வெளியேற்றுவது. காய், இறால், மசாலா மூன்றிலும் அதைச் சரியாகப் பிடித்துவிட்டால் எல்லாம் நறுக்கி, இறால் தலைச் சாறும் காய்ச்சி வைத்த பிறகு மீதி அடுப்பு வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

வாங்குவது

மும்பையில் சசூன் டாக், பாவுச்சா தக்கா படகுத்துறைகளில் மீன் இறங்குவது விடியற்காலையில். செம்பூரிலோ சயான் கோலிவாடாவிலோ மாஹிம் சிட்டிலைட் பக்கமோ நீங்கள் வேலை முடிந்து லோக்கல் ரயிலில் வந்து இறங்கி ஏழு மணிக்குப் பார்க்கிற இறால், கரை ஏறி பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அது தப்பில்லை. ஐஸில் இருந்ததா, வெறும் ஈரச் சாக்கின் மேல் இருந்ததா என்பதுதான் விஷயம். கூடையின் மேலே தெரிகிற ஐஸைப் பார்த்து ஏமாற வேண்டாம், கையை உள்ளே விட்டுப் பாருங்கள். அடியில் இருக்கிற இறாலும் விரல் விறைக்கிற அளவு குளிர்ந்திருக்க வேண்டும்.

தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருந்தால் நல்லது. தொட்டதும் தலை தொங்கினால் நேரமாகிவிட்டது என்று அர்த்தம். தலையின் உள்ளே இருக்கிற செரிமானச் சுரப்பிதான் முதலில் கெட்டு, அக்கம்பக்கத்துச் சதையையும் கரைக்கத் தொடங்கும். ஓட்டின் விளிம்பில் கறுப்பு படர்ந்திருப்பதைப் பார்த்தால் உடனே அழுகல் என்று எண்ண வேண்டியதில்லை. வெட்டிவைத்த வாழைக்காய் கறுப்பதும் இதுவும் ஒரே வகை நொதி வேலை. ஆனால் காலம் ஓடியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம், அதனால் விலையைப் பேசலாம். அம்மோனியா நெடி வந்தால் பேச்சே வேண்டாம், நகர்ந்துவிடுங்கள். பச்சை இறால் அங்கங்கே இளஞ்சிவப்பாக இருந்தாலும் எடுக்காதீர்கள். சாம்பல் நிற இறால் சூடு பட்டால் அந்த நிறத்துக்கு மாறும்.

கோலி மாவ்ஷிகள் (மீன் விற்கிற மீனவப் பெண்கள்) பல இடங்களில் கூறு கட்டித்தான் விற்பார்கள், வாட்டா என்பார்கள். குழம்புக்கு வாட்டா லாபம். இந்தச் சமையலுக்கு வேண்டாம், ஏனென்றால் கூறில் பெரிசும் சிறிசும் கலந்திருக்கும். ஒரே கடாயில் சிறிசு ரப்பராகும்போது பெரிசு பச்சையாகவே இருக்கும். எடை போட்டு, ஒரே அளவாகப் பொறுக்கி வாங்குங்கள். தலையோடு கிலோவுக்கு 40 முதல் 50 வரை நிற்கிற நடுத்தரக் கோலம்பி (இறாலின் மராட்டிப் பெயர்) சரியான அளவு. 600 கிராம் வாங்கினால் தலையும் ஓடும் போக ஏறக்குறைய 300 கிராம் சதை தேறும். அது இரண்டு பேருக்குப் போதும்.

“மாவ்ஷி, சாஃப் கர்கே தோ, டோக்கா பீ தேனா” (சுத்தம் செய்து கொடுங்க, தலையையும் கொடுங்க) என்று சேர்த்தே சொல்லிவிடுங்கள். தலையையும் ஓட்டையும் விட்டுவிட்டு வந்தால் இந்தச் சாப்பாட்டின் பாதி ருசியை மார்க்கெட்டிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் கடல் இறால் குறைவு, விலையும் கூடுதல். அப்போது கூடையில் வெளிர் சாம்பல் நிறத்தில் அளவெடுத்த மாதிரி ஒரே சைஸில் இருப்பது பெரும்பாலும் வளர்ப்பு வன்னாமி. இந்தியாவில் 2009 முதல் அனுமதி பெற்று வளர்க்கப்படுவது, அதிகமும் ஆந்திராவிலிருந்து வருவது. கடல் இறாலின் அழுத்தமான வாசனை அதற்கு இல்லை, ஆனால் இப்படி வேகமாக வாட்டி எடுக்கிற சமையலுக்கு ஒன்றும் குறைவில்லை. ஒரே அளவாக இருப்பதால் வேகும் நேரமும் பிசகாது.

உறைந்த இறால் வாங்கினால் பையின் மேல் போட்டிருக்கும் எடையில் பனிப்பூச்சும் சேர்ந்ததா என்று பாருங்கள். பை பிரிக்காமல் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் போட்டால் உருகிவிடும். வெந்நீரில் போட்டால் ஓரம் வெந்து நடு உறைந்தே இருக்கும்.

எந்தக் காய்

சுக்கினிதான் எல்லாரும் சொல்வது. பாந்திராவின் பாலி மார்க்கெட்டிலும் கிராஃபோர்ட் மார்க்கெட்டிலும் எப்போதும் கிடைக்கும், இப்போது பேட்டைக் கடைகளிலும் வந்துவிட்டது. வாங்கும்போது ஒல்லியானதைப் பாருங்கள். 200 கிராமுக்கு மேல் போனால் நடுவில் விதை முற்றி பஞ்சாக இருக்கும், அங்கேதான் தண்ணீரும் அதிகம். சீவும்போது விதை தெரிந்ததும் நிறுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குத் திருப்புங்கள். மிஞ்சுகிற நடுத்தண்டு மறுநாள் கூட்டுக்கோ சாம்பாருக்கோ போகட்டும்.

ஆனால் சுக்கினியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டிய அவசியம் தமிழ் வீட்டுக்கு இல்லை. இதற்கு உண்மையிலேயே பொருத்தமான காய் நூல்கோல். மராட்டிக் காய்க்காரரிடம் நவல்கோல் என்று கேளுங்கள். அடர்த்தியான சதை, விதை இல்லை, சீவினால் இழை உடையாது, வதக்கினாலும் கடிக்க ஒரு நறுக்கு மிஞ்சும். தண்ணீர் விடுவதும் சுக்கினியைவிட மெல்லத்தான். தோலுக்கு அடியில் இருக்கிற நார்ப் படலத்தை மட்டும் தாராளமாகச் சீவி எறிய வேண்டும். அதை விட்டால் வாயில் சக்கை சக்கையாக நிற்கும். மாட்டுங்கா மார்க்கெட்டில் கிடைக்கிற சௌசௌவும் நல்லதுதான். அதன் பால் கையில் பிசினாக ஒட்டும், சீவுமுன் உள்ளங்கையில் ரெண்டு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

தூதி என்று இங்கே சொல்லும் சுரைக்காயும் பிஞ்சாக இருந்தால் ஆகும். ஒரு எச்சரிக்கை: சீவியதும் ஒரு இழையைப் பச்சையாக வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் குப்பையில் போடுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள், வேகவைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து உயிர்போன சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. சுக்கினியும் அதே குடும்பம்தான், அபூர்வமாக அதுவும் கசக்கும். அதற்கும் இதே சோதனை.

பச்சைப் பப்பாளி அழகாக இழை இழையாக வரும். ஆனால் அதில் இருக்கிற பப்பைன் சதையைக் கரைக்கும். இறைச்சி மெத்தென்று ஆவதற்காக வெட்டித் தடவுவோமே, அந்த வேலைதான். சீவிய பப்பாளியையும் பச்சை இறாலையும் ஒரே பாத்திரத்தில் அரை மணி நேரம் வைத்தால் இறால் மாவாகிவிடும். தனித்தனியாக வதக்கி, பரிமாறும்போது கலந்தால் பிரச்சினை இல்லை. கேரட்டை மட்டுமே போட்டால் இறாலின் இனிப்போடு அதன் இனிப்பும் சேர்ந்து திகட்டும், நாலில் ஒரு பங்கு கலந்தால் நிறத்துக்கும் நல்லது. வெள்ளரிக்காயை அடுப்பில் ஏற்றவே கூடாது. பீர்க்கங்காய் பஞ்சு, விட்டுவிடுங்கள்.

சீவுவதற்கு, காயைச் சுருள் இழையாக எடுக்கும் ஸ்பைரலைசர் இருந்தால் சரி. இல்லாவிட்டால் பல் வைத்த ஜூலியன் பீலர் போதும், விலையும் குறைவு, கழுவுவதும் சுலபம். இழை 3 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். அதைவிட மெலிந்தால் சூடு பட்ட அரை நிமிடத்தில் கூழாகிவிடும். ஸ்பைரலைசரில் ஒரு மீட்டர் நீளத்துக்கு இழை வரும். பார்க்க அழகு, பரிமாறும்போது ஒருவர் தட்டுக்கே எல்லாம் போய்ச் சேரும். கத்தரிக்கோலால் ஒரு சாண் அளவுக்கு வெட்டிவிடுங்கள்.

உப்புப் போட்டுப் பிழிவதா வேண்டாமா என்பதில் ஆளுக்கு ஒரு கட்சி. 400 கிராமுக்கு முக்கால் டீஸ்பூன் உப்புத் தூவிப் பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் நன்றாகவே இறங்கும். துணியில் கட்டிப் பிழியலாம். ஆனால் இழையின் முறுமுறுப்பும் கூடவே போகும், உப்பும் உள்ளே ஏறிவிடும். தேங்காய்ப்பால் மாதிரி ஈரமான மசாலாவில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் பிழிவது சரி. கீழே சொல்கிற வறட்டு முறைக்கு அது வேண்டியதில்லை. சீவியதை ஒரு பழைய பருத்தித் துண்டில் பரப்பி, இறால் வேலை முடிகிறவரை ஃபேனுக்கு அடியில் விட்டால் போதும். அதுவரை உப்பு அதன் பக்கமே போகக்கூடாது.

இறாலைத் தயார் செய்வது

முதுகை லேசாகக் கீறி, கறுப்புக் குடலைக் கத்தி முனையால் இழுத்து எடுங்கள். ஆழமாகக் கீறினால் வேகும்போது இறால் பூ மாதிரி விரிந்து, பரப்பளவு கூடி, சீக்கிரம் வறண்டுவிடும். ஒரே ஒரு தடவை கழுவுங்கள். மஞ்சளும் உப்பும் போட்டு நாலு தண்ணீரில் அலசுகிற பழக்கம் குழம்பு மீனுக்குச் சரி, இங்கே ருசிதான் கரைந்து போகும்.

பிறகு துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள். 300 கிராமுக்கு அரை டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவாகச் சமையல் சோடா தூவிப் பிரட்டி ஃப்ரிட்ஜில் 15 நிமிடம் வையுங்கள். சோடா காரத்தன்மையைக் கூட்டுவதால் சதை வேகும்போது இறுகிப் பிழியாது, தன் தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். கடித்தால் சைனீஸ் கடை இறால் மாதிரி நறுக்கென்று இருப்பதற்கு இதுதான் காரணம். சோடா கூடினால் சோப்பு வாசனை வரும், ஆகவே கைப்பிடியில் அள்ளிப் போடாதீர்கள், ஸ்பூனில் அளந்தே போடுங்கள். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைப்பதை மட்டும் செய்யவே வேண்டாம். புளிப்பு அடுப்புக்கு முன்பே சதையை வெளுக்க வைத்து இறுக்கிவிடும், பிறகு சூடு பட்டால் சுண்ணாம்புக் கட்டிதான்.

இந்தப் பதினைந்து நிமிடத்தில் தலையையும் ஓட்டையும் கவனியுங்கள். சின்னக் கடாயில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, அவற்றைப் போட்டு நல்ல தீயில் மூன்று நிமிடம் வறுங்கள். ஓடு சிவந்து, பொரித்த வாசனை மூக்கைத் துளைக்கும்போது கரண்டியால் தலைகளை நசுக்குங்கள். உள்ளே இருக்கிற ஆரஞ்சு நிறக் கொழுப்பு எண்ணெயில் இறங்கும். 150 மில்லி தண்ணீர் விட்டு எட்டு நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டி, அழுத்திப் பிழிந்து, மறுபடி அடுப்பில் வைத்து மூன்று டேபிள்ஸ்பூனாகச் சுண்டக் காய்ச்சுங்கள். விரலில் தொட்டால் லேசாகப் பிசுபிசுக்க வேண்டும். காய் எப்படியும் கொஞ்சம் தண்ணீர் விடத்தான் போகிறது. அது கலந்தாலும் ருசி தாங்க வேண்டுமென்றால் மசாலா ஆரம்பத்திலேயே இவ்வளவு அடர்த்தியாக இருக்க வேண்டும். தலை பழையதாகத் தோன்றினால் அதை விட்டுவிட்டு ஓட்டை மட்டும் வைத்துச் செய்யுங்கள்.

அடுப்பில்

இரண்டு பேருக்கு: தயார் செய்த இறால் 300 கிராம், சீவிய காய் 400 கிராம், மெல்லிய வில்லையாக நறுக்கிய பூண்டு ஆறு பல், கிள்ளிய காய்ந்த மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை ஒரு கொத்து, அப்போதே இடித்த மிளகு ஒரு டீஸ்பூன், நல்லெண்ணெய் ஒன்றரை டேபிள்ஸ்பூன், வெண்ணெய் ஒரு டீஸ்பூன், சுண்ட வைத்த இறால் சாறு, பொட்டுக்கடலை மாவு இரண்டு டீஸ்பூன், அரை எலுமிச்சை, கொத்தமல்லி. எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். நடுவில் பூண்டு உரிக்கப் போனால் இறால் போச்சு.

வீட்டில் இருப்பதிலேயே அகலமான கடாயை எடுங்கள். குழியான வாணலியில் ஆவி வெளியே போக வழியில்லாமல் காய் தன் தண்ணீரிலேயே வேகும். வீட்டு அடுப்பின் பெரிய பர்னர்கூட ஓட்டல் அடுப்புக்கு ஈடாகாது, 400 கிராம் காயையும் ஒரேயடியாகப் போட்டால் கடாய் குளிர்ந்துவிடும். இரண்டு பாகமாகப் போடுங்கள்.

முதலில் காய். கடாயை வெறுமனே நன்றாகக் காயவிடுங்கள். தண்ணீர் தெளித்தால் முத்தாக உருண்டு ஓடும் பதம். அரை டீஸ்பூன் எண்ணெய் தடவி, பாதிக் காயைப் பரப்பி அரை நிமிடம் தொடாமல் விட்டு, பிறகு இடுக்கியால் புரட்டிப் புரட்டி இன்னொரு அரை நிமிடம். சுக்கினிக்கு மொத்தம் ஒரு நிமிடம், நூல்கோலுக்கு இரண்டு, கேரட்டுக்கு மூன்று. இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாமே என்று தோன்றுகிற கட்டத்தில் இறக்க வேண்டும், மீதியை அதன் உள்சூடே பார்த்துக்கொள்ளும். இறக்கியதை வடிதட்டில் போட்டு அடியில் ஒரு கிண்ணம் வையுங்கள். இறாலைச் சமைக்கிற நேரத்தில் கிண்ணத்தில் இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் சேரும். சத்து வீணாகிறதே என்று அதைத் திரும்பக் கடாயில் ஊற்றினால் இவ்வளவு நேரம் செய்த வேலை வீண்.

அடுத்து இறால். கடாயைத் துடைத்து, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் காய்ந்ததும் இறாலை ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்குங்கள். ஒரு பக்கம் 60 முதல் 75 விநாடி. கிளறக்கூடாது. ஓரம் சிவந்து, பாதி உயரம்வரை வெளுப்பு ஏறியதும் திருப்பிப் போட்டு 30 முதல் 40 விநாடி. தலைப்பக்கத் தடித்த பாகத்தில் கண்ணாடி மாதிரித் தெரிந்தது மறைந்துவிட்டால் வெந்துவிட்டது. அரைவட்டமாக வளைந்திருந்தால் பதம். வாலும் தலையும் தொட்டுக்கொள்ளும்படி சுருண்டுவிட்டால் தாண்டிப் போய்விட்டது. தெர்மாமீட்டர் வைத்துச் சமைப்பவர்களுக்கு 63 டிகிரி செல்சியஸ். தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள்.

தீயைக் குறையுங்கள். மிச்ச எண்ணெயை விட்டு, பூண்டைக் குறைந்த தீயில் பொன்னிறத்தின் வாசல்வரை கொண்டு போங்கள். பழுப்பானால் கசக்கும், அந்தக் கசப்பு எல்லா இழையிலும் ஏறும். மிளகாய், கறிவேப்பிலை, பாதி மிளகு. உடனே இறால் சாறு. அரை நிமிடம் கொதித்ததும் வெண்ணெயைப் போட்டு, பொட்டுக்கடலை மாவைத் தூவிக் கலக்குங்கள். பாஸ்தாவில் மாவுச்சத்து செய்கிற வேலையை இங்கே இது செய்யும். சாறு கெட்டிப்பட்டு இழையில் ஒட்டும், காய் பிறகு விடுகிற தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். பொட்டுக்கடலை தீர்ந்துவிட்டதென்றால் இங்கே எந்தக் கிராணாக் கடையிலும் வேர்க்கடலைப் பொடி கிடைக்கும். தாண்யாச்ச கூட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஒரு டேபிள்ஸ்பூன் போடுங்கள், ருசி வேறு மாதிரி போகும், குறைவாகப் போகாது.

இப்போது அடுப்பை அணையுங்கள். காயையும் இறாலையும் ஒன்றாகச் சேர்த்து இருபது விநாடி பிரட்டி, மீதி மிளகு, எலுமிச்சை, கொத்தமல்லி. எலுமிச்சையைக் கொதிக்கிற கடாயில் பிழிந்தால் வாசனை ஆவியாகிப் போய் வெறும் புளிப்புதான் மிஞ்சும். ருசி பார்த்து, வேண்டுமானால் இந்தக் கட்டத்தில் உப்பு. தட்டில் போட்டு உட்கார்ந்துவிட வேண்டும். சாப்பிடுகிறவர் இன்னும் ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்றால் கடைசிப் பிரட்டலை அவர் வந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கணவாய், காலா, மட்டி

கணவாயை இங்கே மாகுல் என்பார்கள். இறாலைவிட மலிவு, பயப்படுகிறவர்கள் அதிகம். கணவாய்க்கு ஒரு கணக்குத்தான்: இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும், தவறவிட்டால் அரை மணி நேரத்துக்கு மேல் மெல்ல வேகவிட வேண்டும். நடுவில் எங்கே நிறுத்தினாலும் செருப்புத் தோல். உள்ளே இருக்கிற கண்ணாடிச் சில்லு போன்ற எலும்பையும் மேல் தோலையும் உரித்து, அரை அங்குல வளையமாக வெட்டி, ஈரம் போக ஒற்றி, புகை வரக் காய்ந்த கடாயில் 90 விநாடி. கணவாய் இறாலைவிட அதிகத் தண்ணீர் விடும், அதனால் 150 கிராமுக்கு மேல் ஒரு தடவையில் போடாதீர்கள். நூல்கோலோடுதான் இது சேரும். இரண்டுக்கும் கடி ஒரே மாதிரி இருக்கும்.

காலா மீனைப் பெரிய துண்டாகத்தான் போட வேண்டும், இழைகளோடு கிளறினால் பொடிந்துவிடும். ராவஸ் என்று கேட்டு, முள்ளெடுத்த சதையாகத் தோலோடு வாங்கி, தோல் பக்கம் கீழே இருக்கும்படி நாலு நிமிடம், திருப்பி ஒரு நிமிடம். காயை மசாலாவில் பிரட்டித் தட்டில் வைத்து, மீனை அதன் மேல் வையுங்கள். சாறு இல்லாததால் தேங்காய்ப்பால் மூன்று டேபிள்ஸ்பூன் சுண்டவிட்டுச் சேர்க்கலாம். இந்த வகைக்குத்தான் காயை உப்புப் போட்டுப் பிழிய வேண்டும்.

திஸ்ரியா என்று விற்கிற மட்டி ருசியில் மூன்றையும் அடித்துவிடும். ஆனால் லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரில் ஒன்றிரண்டு மணி நேரம் போட்டு மணல் கக்கவிட வேண்டும். வேலை நாள் ராத்திரிக்கு ஆகாது, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெந்த பிறகும் வாய் திறக்காத மட்டியை எறிந்துவிட வேண்டும்.

பத்து மணிப் பசி

சாப்பிட்டது லேசு என்பதை மறைக்க வேண்டாம். இரண்டு பேருக்கான 400 கிராம் சுக்கினியிலேயே 70 கலோரிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். ஒருவர் பங்கான 150 கிராம் இறாலில் 30 கிராமை ஒட்டிய புரதம் கிடைக்கும், அது வயிற்றைப் பிடித்து வைக்கும், ஆனால் இரண்டு கரண்டி சோற்றுக்குப் பழகிய உடம்பு பத்து மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் தேடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் “இது சாப்பிட்ட மாதிரியே இல்லையேம்மா” என்பார்கள், அதுவும் நியாயம்தான். அதற்கு நல்ல வழி, ஆளுக்கு 25 கிராம் காய்ந்த அரிசிச் சேவை. அதைப் பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்து, கடைசிப் பிரட்டலில் காயோடு சேர்த்துவிடுங்கள். முழுக்க வேகாத சேவை, காய் விடுகிற தண்ணீரையும் இறால் சாற்றையும் குடித்து அங்கேயே பதமாகிவிடும். வயிறும் நிறையும், தட்டும் காயும். சொல்லப்போனால் முழுக்கக் காயாகச் செய்வதைவிட இந்தக் கலவைதான் ருசி. கார்போஹைட்ரேட்டைக் கணக்கிட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டுச் சேவையைச் சேருங்கள்.

இறாலும் நண்டும் ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் சாற்றையும் அவர்கள் பங்கில் சேர்க்கக்கூடாது. ஒவ்வாமை தரும் புரதம் கொதித்தாலும் அழியாது. அவர்களுக்கு முதலில் செய்து எடுத்துவிட்டு, பிறகு இறாலைக் கடாயில் போடுங்கள்.

மறுநாள் ஆபீஸ் டப்பாவுக்கு இதைக் கட்ட நினைத்தால் கலந்ததைக் கட்டாதீர்கள். சீவிய காயைப் பச்சையாகவே, அடியில் டிஷ்யூ பேப்பர் மடித்துப் போட்ட டப்பாவில் வையுங்கள். இறாலையும் மசாலாவையும் ஆறியவுடன் வேறு டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் குளிர் போகாமல் கொண்டு போங்கள். மதியம் இறாலை மட்டும் மைக்ரோவேவில் ஆவி பறக்கச் சூடாக்கி, பச்சைக் காயின் மேல் கொட்டி மூடி இரண்டு நிமிடம் வைத்தால் அந்தச் சூட்டிலேயே காய் வாடிவிடும். மும்பை வெயிலில் ஐஸ்பேக் இல்லாமல் லோக்கலில் ஒன்றரை மணி நேரம் போகிறவர்கள் இந்த யோசனையையே விட்டுவிடுவது நல்லது.

வடிகட்டிய ஓட்டையும் தலையையும் ராத்திரியே குப்பைத்தொட்டியில் போட்டால் காலையில் மாடி முழுக்க மணக்கும், அடுத்த வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். செய்தித்தாளில் சுற்றி, ஒரு கவரில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். காலையில் குப்பை எடுக்கிறவர் மணி அடிக்கும்போது ஈரக் குப்பையோடு கொடுத்தால் போதும்.